கனம் பார்த்து வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்.

முதலாளி அண்ணன் அந்தப் பெட்டியை இரண்டு கைகளிலும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு, மேலும் கீழுமாக மெல்ல அசைத்துப் பார்த்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பார்க்கிறவர்களுக்கு அவர் பிள்ளையைத் தாலாட்டுகிறாரா, பூசணிக்காய் வாங்குகிறாரா என்று சந்தேகம் வந்திருக்கும். அவர் வாங்க வந்தது கம்ப்யூட்டருக்கு உள்ளே உட்கார்ந்து எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. எங்கள் ஊர்க் கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்று கேட்டால்தான் எடுத்து வைப்பார்கள். கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டுக் கடை ஒன்றில் கண்ணாடி மேசைமேல் அப்படி இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று, நான் கண் வீங்க இணையத்தில் தேடிப் படித்துக் கேட்டது. கறுப்பாக, சாதுவாக, விளக்கு எதுவும் இல்லாமல் பெண் பார்க்க வந்த இடத்தில் வாய் திறக்காத மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மற்றது, கடைக்காரர் உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்தது. அதன் விசிறி ஏழு வண்ணத்தில் மின்னியது, ஆயிரம் வாட் என்று தங்க எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அண்ணன் என்னுடையதைத் தூக்கினார். அதைத் தூக்கினார். மறுபடி என்னுடையதைத் தூக்கினார், மறுபடி அதை. கடைசியில் கண்ணைத் திறந்து, "இது தான் தம்பி சரக்கு. கனமே சொல்லுது பாரு" என்றார்.

கனம் சொன்னதைக் கேட்டு வாழ்ந்த குடும்பம் அவருடையது. அவருடைய அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தவர். சீர்வரிசைக் குடத்தைக் கையில் வாங்கிய உடனேயே பித்தளை எவ்வளவு, பற்றவைத்த ஈயம் எவ்வளவு என்று சொல்லிவிடுவாராம். அந்தக் கை தமக்கும் வந்திருக்கிறது என்பது அண்ணனின் நம்பிக்கை. கடையை மூடிவிட்டுக் கல்யாண வீடியோ ஸ்டுடியோ தொடங்கிய பிறகும் அவர் எதை வாங்கினாலும் தூக்கித்தான் பார்ப்பார். கேமராவைத் தூக்கிப் பார்ப்பார், முக்காலியைத் தூக்கிப் பார்ப்பார். அந்த விஷயங்களில் அது பெரும்பாலும் பலித்தும் தொலைந்ததால் யாரும் வாய் திறக்க முடியவில்லை. என்னை வேலைக்கு எடுத்த நாளிலும் தலை முதல் கால் வரை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஆள் கனமா தான் இருக்கறான்" என்றுதான் சேர்த்துக்கொண்டார். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படிப்பை அரியரோடு பாதியில் தொங்கவிட்டு வந்திருந்த என்னிடம் அந்த ஒன்றைத் தவிர வேறு தகுதி எதுவும் இருந்ததாக எனக்கும் நினைவில்லை.

ஸ்டுடியோவில் என் வேலை ஆல்பம் வடிவமைப்பது. மாப்பிள்ளையின் கன்னத்துப் பருவை எடுப்பேன், மண்டபத்துக் காரை பெயர்ந்த சுவருக்குப் பதிலாக சுவிட்சர்லாந்தை வைப்பேன். வீடியோவை வெட்டி ஒட்டிப் படமாக்கியது எடிட்டர் அக்கா. தியாகதுருகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒரு கல்யாணத்தின் பகல் முழுக்க நடந்த கூச்சலை எடுத்து, மாமியார் முகம் சுளித்ததை எறிந்துவிட்டு, பெரியப்பா கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனதை மறைத்துவிட்டு, பெண்ணின் அப்பா தூணுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்ததை மட்டும் எங்கிருந்தோ தோண்டி எடுத்து முன்னால் வைப்பார். பார்க்கிற குடும்பத்துக்குத் தங்கள் கல்யாணம் இவ்வளவு நன்றாகவா நடந்தது என்று சந்தேகமே வந்துவிடும். ஊரார் கல்யாணங்களையெல்லாம் ஒழுங்கு செய்த அக்காவுக்கு முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஆல்பம் வாங்க வருகிற ஒவ்வொரு அம்மாளும் பணம் கொடுப்பதற்கு முன்பு அதைத்தான் விசாரிப்பார். "ஒங்க வீடியோவ முடிச்சிட்டுப் பண்ணிக்கலாம்னு இருக்கறேங்க" என்று அக்கா சிரிக்காமல் சொல்லுவார்.

திரையில் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு ஒன்றுக்கு இரண்டாக வேண்டும் என்கிற ஆசை அண்ணனுக்குக் கல்வராயன் மலையில் பிறந்தது. கல்யாணத்துக்கு முன்பே பெண்ணையும் மாப்பிள்ளையையும் மேகம் அருவிக்குக் கூட்டிப் போய், மேலே டிரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுக்கிற பழக்கம் எங்கள் பக்கமும் வந்திருந்தது. அந்தப் படங்களின் துல்லியத்தைத் தாங்க முடியாமல் பழைய கம்ப்யூட்டர் மாடு மாதிரி படுத்துக்கொண்டது. வெட்டி ஒட்டியதையெல்லாம் ஒரே படமாக உருக்கி வார்க்கிற வேலைக்கு ரெண்டர் என்று பெயர். அதற்கு எங்கள் மென்பொருள் இரண்டு கார்டுகளையும் சேர்த்து வேலை வாங்கும் என்று யாரோ அண்ணன் காதில் போட்டுவிட்டார்கள். ஒரே நல்ல கார்டு போதும் என்று சொல்லிப் பார்த்தேன். "மாப்ள வூட்டுக்கு ஒண்ணு, பொண்ணு வூட்டுக்கு ஒண்ணுன்னு வெச்சிக்கோயேன்" என்றார். இதற்கு மேல் தொழில்நுட்பம் பேச எனக்குத் தெரியவில்லை.

இப்போது நானே பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களைப் பார்த்து நான் தினமும் கொதிப்பது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். கார்டுக்கு அள்ளிக் கொடுப்பார்கள். உள்ளே விளக்கு எரிகிறதைப் பார்க்கக் கண்ணாடிக் கேபினெட் கேட்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு, "எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டோட ஃப்ரீயா வருமேங்க, அதையே போட்டுடுங்க" என்பார்கள். ஊரையே பந்திக்கு அழைத்துவிட்டு சமையலுக்கு ஒற்றை அடுப்பு போதும் என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டு கார்டுகளும் முழு வேகத்தில் ஓடும்போது எவ்வளவு சாப்பிடும், பிராசசர் எவ்வளவு சாப்பிடும் என்று கூட்ட வேண்டும். அதற்கு மேல் தாராளமாக இடம் விட வேண்டும். ஏனென்றால் இந்தக் கார்டுகள் சில நொடிகளில் கணக்கை மீறி ஒரு வாய் அதிகம் இழுக்கும், இரண்டும் ஒரே நொடியில் இழுத்தால் பலவீனமான பெட்டி மூச்சை நிறுத்திவிடும். ஒட்டியிருக்கிற தங்க ஸ்டிக்கரை நம்பாமல், பக்கவாட்டில் பொடி எழுத்தில் பன்னிரண்டு வோல்ட்டில் எவ்வளவு தரும் என்று போட்டிருப்பதைப் படிக்க வேண்டும். கார்டுகள் சாப்பிடுவது அந்தக் கணக்கில்தான். ஒவ்வொரு கார்டுக்கும் பெட்டியிலிருந்து தனி வயர் நேராகப் போக வேண்டும். ஒரே வயரை இரண்டாகப் பிளந்து இரண்டு கார்டுக்கும் மாட்டுவது ஒரே இலையில் இரண்டு சம்பந்திகளை உட்கார வைப்பது மாதிரி. இதில் எந்த இடத்திலும் கனம் என்கிற பேச்சே கிடையாது.

இதையெல்லாம் அன்றைக்கே சொன்னேன். சொன்னேன் என்றால் தொண்டைக்குள் சொன்னேன். வெளியே வந்தது "சரிங்கண்ணே" மட்டும்.

நல்ல நாள் பார்த்து, கண்ணாடிமேல் சந்தனம் குங்குமம் வைத்துக் கம்ப்யூட்டரை உட்கார வைத்தோம். காலையில் நான் அதில் ஆல்பம் செய்வேன், மதியத்துக்கு மேல் அக்கா வீடியோ செய்வார். என் நேரத்தில் அது குளத்துத் தண்ணீர் மாதிரி அமைதியாக இருந்தது. அக்கா ரெண்டர் போட்டதும் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுப் பட்டென்று அணைந்தது. திரை கறுப்பு, விசிறி நிசப்தம். மறுநாளும் அதே கதை. அடுத்த கல்யாணத்துக்கும் அதே கதை. காரணம் மிகச் சாதாரணமானது. என் ஆல்பம் வேலைக்கு இரண்டாவது கார்டு கண்ணைக்கூடத் திறக்காது. அக்காவின் ரெண்டருக்குத்தான் இரண்டும் எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்கும். ஆனால் எங்கள் ஸ்டுடியோவில் டிரோன் ஓட்டிய அண்ணாத்த ஒருவர் இருந்தார். கண்டுபிடிப்பு அவருடையது.

"அக்கா கை பட்டா கரெக்டா தாலி கட்டற எடத்துல நிக்குதுங்கண்ணே. தம்பி கை பட்டா நிக்கல. இன்னா அர்த்தம்?"

அர்த்தத்தை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பந்தக்கால் நடுவதற்கு யார் கை, மஞ்சள் இடிப்பதற்கு யார் கை, முதல் பத்திரிகைக்கு யார் கை என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற தொழிலில் நாங்கள் இருந்தோம். கைராசி இல்லாதவர் என்று ஒரு பெயர் விழுந்தால் கல்யாண வேலை பார்க்கிற எவரும் கிட்டே சேர்க்க மாட்டார்கள். அதுவும் கல்யாணம் ஆகாத ஒரு பெண்மேல் விழுந்தால் கேட்கவே வேண்டாம். அக்காவுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். அண்ணன் அந்தப் பேச்சை அங்கேயே மிதித்து அணைத்திருக்கலாம். அவரோ யோசனையாகத் தாடையைத் தடவினார். மறுநாள் கேபினெட்டில் எலுமிச்சம்பழம் தொங்கியது, அதுவும் காற்று உள்ளே போகிற வழியை அடைத்துக்கொண்டு.

"எலுமிச்சம்பழம் கட்டறதுக்கு முன்ன அந்தப் பொட்டிய ஒரு தடவ தொறந்து பாருங்கண்ணே" என்றார் அக்கா.

"புதுசும்மா அது. தொறந்தா வாரண்டி பூடும்."

"என் பேரு போவுதே, அதுக்கு வாரண்டி இல்லீங்களா?"

அண்ணன் ஒரு சட்டம் போட்டார். எல்லா வேலையையும் அக்கா செய்யலாம். ரெண்டருக்கான கடைசி என்டரை மட்டும் நான் தட்ட வேண்டும். என் வாழ்க்கையில் என் கைக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, அதற்குப் பின்பும் கிடைத்ததில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். டீ வந்தது, வடையும் வந்தது. எல்லாரும் பின்னால் நிற்க, ஒரு விரலால் தட்டினேன். மாப்பிள்ளை அழைப்பு முடிவதற்குள் அணைந்துபோனது. அண்ணாத்தயைப் பார்த்தேன். கொஞ்சம்கூட வெட்கம் இல்லாமல், "ஃபைலு பூரா அக்கா கை பட்டது தானே" என்றார். நான் தின்ற வடையை நினைத்து அப்போதே எனக்குக் கசந்தது. என் கை நல்ல கையாக இருந்தபோது அது சாட்சி, பலிக்காதபோது அதற்கும் அக்காவே பொறுப்பு. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒருத்தி தலையில்தான் விழ வேண்டும் என்று முடிவு செய்த பிறகு எதற்கு இந்தச் சோதனை?

அக்கா அன்றைக்கு எழுந்து கம்ப்யூட்டரின் வயர்களைத் தாமே பிடுங்கினார். "கடைக்குப் போலாம் வாங்க" என்றார். ஷேர் ஆட்டோவில் அது என் மடியில் உட்கார்ந்து வந்தது. அண்ணன் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், நடுவில் நான், பெண்ணழைப்புக்குப் போகிற தோரணையில்.

கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வி, "யாருங்க யூஸ் பண்றது? லேடீஸா?" என்பது. பிறகு சுவிட்சைப் போட்டார், திரை வந்தது. "ஓடுதேங்க" என்று கையை விரித்தார்.

"ரெண்டர் போட்டுக் காட்டுங்க" என்றார் அக்கா.

கடைக்காரர் தம் கையாலேயே தட்டினார். கொஞ்ச நேரத்தில் பட்டென்று போனது. இந்த முறை லேசாகக் கருகல் வாடையும் வந்தது.

"ஒங்க ஏரியாவுல கரண்ட்டு சரியில்லங்க."

"இது ஒங்க கடைங்க. ஒங்க கரண்ட்டு."

அண்ணன் மேசைமேல் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கடைக்காரர் தடுக்கத் தடுக்க எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை வெளியே இழுத்து, வாரண்டி ஸ்டிக்கரைக் கிழித்து மூடியைக் கழற்றினார். உள்ளே நூல் மாதிரி வயர்களும், இரண்டு மூன்று சிறிய சுருள்களும், பாதிக்கு மேல் வெற்றிடமும் இருந்தன. அந்த வெற்றிடத்தின் அடியில், நான்கு மூலையிலும் திருகி இறுக்கிய ஒரு தடித்த இரும்புத் துண்டு. மின்சாரத்துக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. வாங்குகிறவன் தூக்கிப் பார்ப்பான் என்று தெரிந்த எவனோ, தூக்கிப் பார்க்கிறவனுக்காகவே வைத்த இரும்பு. ஆயிரம் வாட் என்று தங்க எழுத்தில் அடித்துவிட்டு, உள்ளே படிக்கல்லை வைத்து விற்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! "கம்பெனிலயே அப்பிடி தாங்க வருது" என்றார் கடைக்காரர், மழையைப் பற்றிச் சொல்லுகிற குரலில்.

பாத்திரக்கடைக்காரர் மகன் அந்த இரும்பைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நான் முதலில் கேட்ட கறுப்புப் பெட்டியை, தூக்கிப் பார்க்காமல், வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு கார்டுகளுக்கும் தனித்தனி வயர் போட்டேன், எலுமிச்சம்பழத்தைக் கழற்றினேன். அன்றைக்குத் தொடங்கிய ரெண்டர் நிற்காமல் ஓடி முடிந்தது.

பெட்டியை மாற்றினோம், பேச்சு மாறவில்லை. என் கோபம் முழுக்க இங்கேதான். போலிப் பெட்டி செய்தவனாவது தெரியாத ஊரில் தெரியாத முகம். அண்ணன் தினமும் அக்கா கொண்டு வந்த ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டவர். அக்கா ஞாயிற்றுக்கிழமை வேலைக்காக ஊரில் இன்னொரு ஸ்டுடியோவில் கேட்டிருந்தார். "சொல்லி அனுப்பறோம்" என்றவர்கள் சொல்லி அனுப்பவில்லை. காரணம் என்னவென்று அந்த ஸ்டுடியோவுக்கு எங்கள் அண்ணாத்த அடிக்கடி போய் டீ குடித்ததிலிருந்தே தெரிந்தது. அக்கா நேராக அண்ணனிடம் வந்தார்.

"நாலு பேருகிட்ட போன பேச்ச நாலு பேருகிட்ட நீங்களே மாத்திச் சொல்லிடுங்கண்ணே."

"அதெல்லாம் தானா அடங்கிடும், வுடும்மா."

தானாகவா அடங்கும்? பரவும்போது மட்டும் வாய் வேண்டும், அடங்குவதற்கு வாய் வேண்டாமா? இப்போதும் கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கேள்வியை நான் உரக்கக் கேட்டுவிடுவதுண்டு. எதிர்க்கடைப் பூக்காரம்மா என்னை ஒரு மாதிரி பார்ப்பார்.

பேச்சு எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்த அன்றைக்குத் தெரிந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மாவும் அப்பாவும். வீடியோவை முழுதாக வார்ப்பதற்கு முன்னால் ஒரு முறை பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்கள். பார்த்தார்கள், ரசித்தார்கள். பிறகு அந்த அம்மாள் அண்ணனை முன்மேசைக்குத் தள்ளிக்கொண்டு போய், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணே. கடைசியா முடிக்கறது இன்னாவோ சொல்றாங்களே, அதுல அந்தப் பொண்ணு கை மட்டும் படாம பாத்துக்குங்க. எம் பொண்ணு பொழைக்கப் போற எடம்."

அண்ணன் மேலே விசிறியைப் பார்த்தார். அக்கா உள் அறையிலிருந்து எழுந்து வந்து கதவோரம் நின்றார்.

"அவங்க கேக்கறாங்க இல்லீங்களாண்ணே. சொல்லுங்க."

"அது... மிஷின்ல ஒரு கோளாறும்மா. சரி பண்ணியாச்சு."

"இன்னா கோளாறுண்ணே?"

"கரண்ட்டுப் பொட்டி டூப்ளிகேட்டு."

"அத வாங்கினது யாருண்ணே?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பழைய கம்ப்யூட்டரில், வாழ்க்கையில் முதல் தடவையாக, சுவிட்சர்லாந்தை ரொம்பக் கவனமாகச் செதுக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் தாம்மா."

"எப்பிடிப் பாத்து வாங்கனீங்க?"

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அண்ணன் தம் கைகளை மேசைமேல் எடுத்து வைத்தார்.

"கையில தூக்கிப் பாத்து."

"யாரு கையிலண்ணே?"

"எங் கையில. எங் கை தாம்மா ஏமாந்துடுச்சி. இந்தப் பொண்ணு கைமேல ஒரு கொறையும் இல்ல. நான் தான் கண்டபடி பேச வுட்டுட்டேன்."

இத்தனை சின்ன வாக்கியத்துக்காகவா இத்தனை நாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா எலவனாசூர்கோட்டை அம்மாளுக்கு உள்ளே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்டரைத் தட்டினார். அந்த அம்மாள் படம் ஓடப் போகிறது என்று நினைத்து, எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற பச்சைக்கோடு நகர்வதையே பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அழைப்பு போனது, தாலி கட்டு போனது, மறுவீடு போனது. எங்கேயும் நிற்கவில்லை. முடிந்தது என்று அக்கா சொன்னபோது அவர் எழுந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வளைகாப்பு வீடியோவும் நீ தாம்மா போடணும்."

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டியவர், என்னமோ ஞாபகம் வந்தவர் மாதிரி அண்ணன் பக்கம் திரும்பினார். பழைய குரலில், அதே மரியாதையோடு, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணே. அந்த வீடியோவுல ஒங்க கை மட்டும் படாம பாத்துக்குங்க."

அண்ணன் மேசைமேல் இருந்த தம் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.